எட்டாம் படுக்கையின் கணக்கு

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்குள் உதித்ததல்ல. ஒரு மருத்துவமனையின் காத்திருப்புக் கூடத்தில், யாரோ நாற்காலியில் விட்டுப்போன தாளிலிருந்து கிடைத்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்தேன், மனைவி இழுத்துக்கொண்டு போய்விட்டாள். எனக்கு முன்னால் இன்னும் பதினேழு பேர். பொழுது போகாமல் தாளை எடுத்துப் பார்த்தேன். எட்டே எட்டுக் கேள்விகள். வயது, நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது, நுரையீரலில் நீர் கோத்திருக்கிறதா, இப்படி. ஒவ்வொரு பதிலுக்கும் இத்தனை புள்ளி. எல்லாவற்றையும் கூட்டினால் கீழே ஓர் எண் வரும். மாரடைப்பு வந்து படுத்திருக்கும் இந்த ஆள் மருத்துவமனையிலேயே இறந்துபோக நூற்றுக்கு எத்தனை வாய்ப்பு என்பதுதான் அந்த எண்.

எனக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. முப்பது வருஷமாகக் கதை எழுதுகிறேன். ஒரு பாத்திரத்தைச் சாகவிடுவதா பிழைக்கவிடுவதா என்று தீர்மானிக்க எனக்கு மாதக்கணக்கில் ஆகும். இங்கே எட்டு வரியில் முடித்துவிட்டார்கள். (உடனே பேனாவை எடுத்து என் விவரங்களை நிரப்பினேன். மாரடைப்பு வராதவன் அதை நிரப்பக்கூடாது என்பது பிறகுதான் தெரிந்தது. மனைவி தாளைப் பிடுங்கி, "கைய வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டீங்களா?" என்றாள். எனக்கு வந்த எண்ணை இங்கே சொல்வதாக இல்லை.)

2

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் எழுத உட்கார்ந்தேன். முதல் தொடக்கம் இது:

இதயம் என்பது கைப்பிடி அளவே உள்ள ஒரு தசைப்பை. அது நாளொன்றுக்கு ஒரு லட்சம் முறை சுருங்கி—

மனைவி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "இது ஆறாங் கிளாஸ் பாடம்" என்றாள். அடித்துவிட்டேன்.

இரண்டாவது தொடக்கம்:

மரணம் அந்த மருத்துவமனையின் நான்கு மாடிகளிலும் செருப்பில்லாமல் நடந்துகொண்டிருந்த—

இதை நானே அடித்தேன். மரணத்தை ஒரு தடவை நடக்கவிட்டால் அப்புறம் அதை எங்கேயாவது உட்கார வைக்க வேண்டும், பேச வைக்க வேண்டும். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்ட கதையாகிவிடும்.

மூன்றாவது தொடக்கத்துக்கு நான் மெனக்கெடவே இல்லை. கண்ணை மூடினேன், ஒரு பெண் லிஃப்ட்டுக்குள் மாட்டிக்கொண்டு கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான், பேனா ஓட ஆரம்பித்துவிட்டது.

3

அவளுக்கு அந்த மருத்துவமனையின் புள்ளிவிவரப் பிரிவில் வேலை. பிரிவு என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். பழைய எக்ஸ்ரே அறை, ஒரு மேசை, இரண்டு கணினி, அவள். அந்த எட்டுக் கேள்விகளையும் கணினிக்குள் ஏற்றி, படுக்கைக்குப் படுக்கை நூற்றுக்கு இத்தனை என்று சொல்ல வைத்தவள் அவள்தான். அதனால் முகத்துக்கு நேரே அவளுக்கு 'பர்சென்ட் மேடம்' என்று பெயர். முதுகுக்குப் பின்னால் ஜோசியக்காரி.

(முதல் வரைவில் இவள் ஓர் ஆண். தடித்த மூக்குக்கண்ணாடி, சிரிப்பே வராத முகம், மனிதர்களை எண்களாகப் பார்க்கிற சுபாவம். மூன்று பக்கம் எழுதிய பிறகு அந்த ஆளோடு பத்து நிமிஷம் சேர்ந்து உட்கார எனக்கே பிடிக்கவில்லை. அவரை அனுப்பிவிட்டேன். பர்சென்ட் நன்றாகச் சிரிப்பாள். கடைக்குப் போனால் தக்காளியைவிட வரிசையில் நிற்பவர்களைத்தான் எண்ணுவாள்.)

அன்று காலை பத்து மணிக்கு நான்காம் மாடியில் கூட்டம். அவளுடைய கணக்கை இனி வைத்துக்கொள்வதா தூக்கிப்போடுவதா என்று முடிவு செய்ய. காரணம் இல்லாமலில்லை. மூன்று மாதத்தில், நூற்றுக்கு ஐந்துக்குக் கீழே என்று கணினி சொன்னவர்கள் தொண்ணூறு பேர். அவர்களில் பதினோரு பேர் இறந்துபோனார்கள். கணக்குப்படி மூன்று பேர், மிஞ்சிப்போனால் நான்கு பேர் இறந்திருக்க வேண்டும். எங்கே தப்பு என்று அவளும் மூன்று வாரமாகத் தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்துவிட்டாள். சூத்திரம் சரியாக இருந்தது, கூட்டலும் சரியாக இருந்தது.

ஒன்பது நாற்பத்திரண்டுக்கு லிஃப்ட் மூன்றாம் மாடியைத் தொடும் முன்பே நின்றது. பத்து நிமிஷம் தட்டிய பிறகு தலைக்கு மேலே கதவு ஒரு சாண் திறந்தது. லிஃப்ட் பழுதுபார்க்கிறவர் தரையில் மண்டியிட்டு எட்டிப் பார்த்தார். அறுபது வயசு இருக்கும்.

"உள்ள எத்தன பேரு?"

"நான் ஒருத்திதான். இது அறுந்து கிறுந்து விழாதில்ல?"

"நாலு கயிறும்மா. ஒண்ணு போனா மூணு தாங்கும். முப்பத்தஞ்சு வருஷத்துல லிஃப்ட் விழுந்து செத்தவங்க ஒருத்தரக்கூட நான் பாக்கல. படியில உருண்டு போய்ச் சேந்தவங்க நெறையப் பேரு."

அவளுக்கு அந்த நிலைமையிலும் குஷி வந்துவிட்டது. "நூத்துக்கு எத்தன பேரு?"

"அதெல்லாம் படிச்சவங்க சொல்லணும். இந்தக் கைய வெச்சுக்கிட்டு நான் கதவத் தொறந்ததே பெருசு."

"கைக்கு என்ன?"

"காலைலேருந்து கடுக்குது. தூக்கத்துல மடங்கியிருக்கும்."

"இடது கையா?"

"இடது கைதான். நீங்க டாக்டரா?"

 அப்படியே உட்காருங்கள், வேறு யாரையாவது கூப்பிடுங்கள் என்று கீழேயிருந்து கத்தினாள். "உங்கள ஏத்திட்டு உக்காந்துக்கறேன், அதுக்கென்ன இப்ப" என்று அவர் கதவை முழுசாகத் தள்ளி, ஒரு ஸ்டூலை உள்ளே இறக்கி, வலது கையை நீட்டினார். அவள் பிடித்த கை சொட்டச் சொட்ட ஈரம், ஐஸ் மாதிரி சில்லிப்பு. மேலே வந்து பார்த்தபோது அவர் முகம் சாம்பல் பூத்திருந்தது. சொன்னபடியே சுவரோரமாக உட்கார்ந்தார். பிறகு சாய்ந்தார்.

லிஃப்ட் ஓடவில்லை. சக்கர நாற்காலியில் அவரை ஏற்றி, சாய்தளத்தில் மூன்று மாடியும் தள்ளிக்கொண்டே ஓடினாள். துப்புரவுப் பணியாளர் ஒருவர் முன்னால் பிடித்துக்கொண்டு பின்னோக்கியே ஓடி வந்தார். அவசரப் பிரிவில் லிஃப்ட்காரர் கையில் இரத்த அழுத்தப் பட்டை சுற்றிய நொடியில் அவள் கண் தானாக எண்களுக்குப் போனது. அழுத்தம் எண்பத்தெட்டு. துடிப்பு நூற்றுப் பதினெட்டு. யாரோ அதை ஒரு துண்டுச் சீட்டில் கிறுக்கிக் கோப்பின் பின்பக்கம் குத்தினார்கள். அவரை உள்ளே கொண்டுபோனார்கள்.

பத்து நாற்பதுக்கு அவள் செல்போனில் ஒரு செய்தி வந்தது. கூட்டம் முடிந்தது, திங்கள்கிழமையிலிருந்து உங்கள் கணக்கு நிறுத்தப்படுகிறது.

4

இங்கே கதையை ஒரு நிமிஷம் நிறுத்துகிறேன். அடுத்து வரப்போகிற சிஸ்டர் விஷயத்தில் நான் பெரிய தப்புப் பண்ண இருந்தேன்.

சிஸ்டர் என்பது இதய நோய்த் தீவிர சிகிச்சைப் பிரிவின் மூத்த செவிலியர். எட்டுப் படுக்கைகளும் அவர் ராஜ்ஜியம். இரண்டாவது வரைவில் அவரை அசட்டையானவராக எழுதியிருந்தேன். செல்போனைப் பார்த்துக்கொண்டே—

[அடித்தது.]

ஏனென்றால், அசட்டையானவரால் இனி வரப்போகிற தவற்றைச் செய்யவே முடியாது. அசட்டையானவர் கோப்பின் பின்னால் குத்தியிருக்கும் சீட்டைப் பார்த்து அப்படியே கணினியில் தட்டிவிட்டுப் போயிருப்பார், எல்லாம் சரியாக நடந்திருக்கும். வேலையைக் கண்ணும் கருத்துமாகச் செய்கிறவரால்தான் இதைச் செய்ய முடியும். இது பிடிபட்டதும் நான் எழுந்து அறைக்குள்ளேயே இரண்டு சுற்று நடந்தேன். பக்கத்து அறையிலிருந்து மனைவி, "மூச்சு வாங்கப் போகுது, உக்காருங்க" என்றாள்.

5

பிற்பகல் இரண்டு மணிக்கு பர்சென்ட் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனாள். வேலையாக இல்லை. லிஃப்ட்காரரைப் பார்க்க. இரத்தக்குழாய் அடைப்பை எடுத்து, உள்ளே ஸ்டென்ட் வைத்து, எட்டாம் படுக்கையில் கிடத்தியிருந்தார்கள். போய் நின்றபோது அவர் நெஞ்சில் ஒட்டியிருந்த வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

"எங்க கொண்டு போறீங்க?"

"மேல ஜெனரல் வார்டுக்கு" என்றார் சிஸ்டர். "கீழ ஒரு புது கேஸ் காத்துக்கிட்டிருக்கு. யாருக்கு நம்பர் கம்மியோ அவங்க மேல போகணும்னு டாக்டர் சொல்லிட்டாரு. எட்டாம் பெட்டுக்கு நாலுதான்."

மேலே என்றால் துடிப்பைக் காட்டும் திரை கிடையாது. நாற்பது பேருக்கு இரண்டு செவிலியர். அங்கே இதயம் தடுமாறினால் பக்கத்துப் படுக்கைக்காரர் கவனித்துச் சொன்னால்தான் உண்டு.

அவள் கணினித் திரையைப் பார்த்தாள். எட்டாம் படுக்கை: 4. அவளுடைய சொந்தக் கணக்கு, சொந்தச் சூத்திரம்.

"சிஸ்டர், பிரஷர் நூத்தி இருபத்துநாலுன்னு போட்டிருக்கே."

"ஆமா. நானே எடுத்தேன். ரெண்டு தடவ."

"கீழ எம்பத்தெட்டு இருந்துச்சு. நான் பக்கத்துல நின்னேன்."

"கீழ அவசரத்துல எடுப்பாங்க, மேடம். அத நம்பி நான் எழுத மாட்டேன். இந்த யூனிட்டுக்கு யார் வந்தாலும் புதுசா, என் கையால எடுத்துத்தான் போடுவேன். பத்தொம்பது வருஷமா அப்படித்தான்."

அவளுக்கு விளங்கிவிட்டது. ஒரு மனிதன் உள்ளே நுழையும்போது அவன் இதயம் எவ்வளவு அடிவாங்கியிருந்தது என்பதைத்தான் அந்தக் கணக்கு கேட்கிறது. மருந்து ஏறிய பிறகு பட்டை சுற்றினால் அழுத்தம் நல்லபடியாகத்தான் இருக்கும். அது மருந்தின் கெட்டிக்காரத்தனம். ஆளுக்குப் பட்ட அடி உள்ளே அப்படியே இருக்கிறது. மூன்று மாதமாகக் கணினி சோதித்தது மருந்துகளை. ஆட்களை அல்ல.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்தியும் அடங்கவில்லை. கணக்கு சரி, சூத்திரம் சரி, மூன்று வாரத் தூக்கம் போனதற்கு விடை ஒரு கெட்டிக்காரச் செவிலியரின் சுத்தமான கை. "வயரத் திரும்ப மாட்டுங்க சிஸ்டர்" என்றாள். கோப்பைப் புரட்டினாள். பின்பக்கம் குத்தியிருந்த துண்டுச் சீட்டில் எண்பத்தெட்டு, நூற்றுப் பதினெட்டு. தட்டினாள். திரையில் நாலு அழிந்து இருபத்துமூன்று வந்தது.

அடுத்த கால் மணி நேரத்தை நான் ஒரே மூச்சில் எழுதினேன், எனக்கே கால் தரையில் பாவவில்லை. ஏழாம் படுக்கையின் சீட்டு, ஆறாம் படுக்கையின் சீட்டு, ஒருவர் படிக்க ஒருவர் தட்ட, எட்டுப் பேருக்கும் புது எண். டாக்டர் வந்து திரையைப் பார்த்தார், சீட்டுகளைப் பார்த்தார், "எட்டு இங்கயே இருக்கட்டும்" என்றார். வரும்போதே நல்ல அழுத்தத்தோடு வந்திருந்த மூன்றாம் படுக்கைக்காரர் மாடிக்குப் போனார். பர்சென்ட் வெற்றிக் களிப்பில் சிஸ்டரின் தோளைத் தொட்டாள்.

சிஸ்டர் அந்தச் சீட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப மேல போன அந்தப் பதினோரு பேரு?" என்று கேட்டார்.

(சத்தியமாகச் சொல்கிறேன், இந்தக் கேள்வியை நான் திட்டமிடவில்லை. சந்தோஷமாக அடுத்த பத்திக்குப் போக இருந்தேன். சிஸ்டர் கேட்டுவிட்டார். கேட்ட பிறகு பதில் எழுதாமல் எப்படி நகர்வது? அன்றைக்கு அத்தோடு பேனாவை மூடி வைத்தேன்.)

மறுநாள் எழுதியது:

பர்சென்ட் கணினியில் தன் படிவத்தைத் திறந்து சிஸ்டருக்குக் காட்டினாள். "இதப் பாருங்க. இரத்த அழுத்தம்னு மட்டும்தான் போட்டிருக்கு. எப்ப எடுத்ததுன்னு இல்ல. வந்தவுடனேன்னு ஒரு வார்த்த சேத்திருந்தா நீங்க சீட்டப் பாத்திருப்பீங்க. இந்த ஃபார்ம எழுதினது நான்."

"மேல அனுப்பினது நான்."

"அதுல எத்தன பேர் எப்படியும் போயிருப்பாங்க, எத்தன பேர் இங்க இருந்திருந்தா பொழச்சிருப்பாங்கன்னு எந்தக் கணக்குலயும் வராது, சிஸ்டர்."

 சிஸ்டர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஐந்தாம் படுக்கைக்குப் போய் மருந்துப் பாட்டிலை மாற்றினார். பர்சென்ட் அந்த ஒரு வார்த்தையைப் படிவத்தில் சேர்த்தாள். தட்டச்சு செய்ய நான்கு விநாடிகூட ஆகவில்லை, அதுதான் அவளை அழ வைத்தது.

6

மூன்று மணிக்கு லிஃப்ட்காரரின் மகள் அவளைத் தேடி வந்தாள். தபால் பிரிக்கும் வேலையிலிருந்து சீருடையோடு அப்படியே ஓடி வந்தவள். இருபத்தைந்து வயசு இருக்கும். அம்மா இல்லை, வீட்டில் அப்பாவும் அவளும்தான்.

"மத்தியானம் நம்பர் நாலுன்னு சொன்னாங்க. நீங்க வந்தீங்களாம், இருபத்துமூணு ஆயிடுச்சாம். என்ன பண்ணீங்க எங்கப்பாவ?"

எண் கூடியது அவரால் அல்ல, நமக்குத் தெரிந்தது கூடியது, அவ்வளவுதான், என்று பர்சென்ட் விளக்கினாள். இந்த எண் இல்லாவிட்டால் அவர் இந்நேரம் மாடியில் திரையில்லாமல் கிடப்பார் என்றும் சொன்னாள். அவரைப் போல நூறு பேர் வந்தால் எழுபத்தேழு பேர் வீட்டுக்கு நடந்து போவார்கள்.

மகள் கவனமாகக் கேட்டாள். "சரி. அந்த நூத்துல எங்கப்பா எத்தனாவது ஆளு?"

 பர்சென்ட்டிடம் இதுவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை. கேட்பவர்கள் எல்லாம் டாக்டர்கள், அவர்களுக்கு நூறு பேரும் வேண்டும். இவளுக்கு ஒருவர் போதும்.

7

முடிவுக்கு வந்துவிட்டேன். எழுதியவை மூன்று.

முதல் முடிவு: அன்று மாலை ஆறு மணிக்குத் திரையில் கோடு குழம்பியது, டாக்டர்கள் ஓடி வந்தார்கள், பலனில்லை— இதைப் படித்துவிட்டு மனைவி ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை.

இரண்டாவது முடிவு: ஆறு வாரம் கழித்து அவர் அதே லிஃப்ட்டைச் சரிசெய்கிறார், பர்சென்ட்டும் சிஸ்டரும் அதில் ஏறிப் போகிறார்கள், எல்லோரும் சிரிக்கிறார்கள்— இதை நானே நம்பவில்லை.

மூன்றாவது முடிவு கொஞ்சம் கிறுக்குத்தனமானது. புத்தகத்தை நூறு நூறாக அச்சடிக்கும்போது எழுபத்தேழு பிரதிகளில் அவர் பிழைக்க வேண்டும், இருபத்துமூன்றில் இறக்க வேண்டும். உங்களுக்கு எது வாய்க்கிறதோ அது. நியாயம்தானே? ஆனந்தத்தில் இதைப் பதிப்பாளரிடம் போனில் சொன்னேன். அவர் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

இப்படி நான் பிழைக்க வைப்பதும் சாகடிப்பதுமாக இருந்தபோது, படுக்கையில் கிடந்தவர் இரண்டையும் கேட்கவில்லை. வேறொன்று கேட்டார்.

8

"என் கண்ணாடிய எடுத்துட்டு வாம்மா" என்றார் மகளிடம். குரல் கம்மியிருந்தது. "இந்தப் பெட்டில என்னமோ ஓடுது, ஒண்ணும் தெரியல. பக்கத்துல மிஷின வெச்சுக்கிட்டுப் பாக்காம கெடக்கச் சொன்னா எனக்கு உசுரே போயிடும். கண்ணாடி வீட்ல டி.வி. மேல இருக்கு."

வீட்டுக்கு பஸ்ஸில் ஐம்பது நிமிஷம். போய் வர இரண்டு மணி நேரம். பர்சென்ட், "சாவியக் குடுங்க, நான் போயிட்டு வரேன்" என்றாள். மகள் தலையசைத்தாள். "அந்தப் பூட்டு எங்கப்பா ரிப்பேர் பண்ணினது. எங்க ரெண்டு பேருக்குத்தான் தொறக்கும்."

நடைவழி நாற்காலியில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். மகள் பையைத் தோளில் மாட்டினாள். பிறகு, அதுவரை மேடம் என்றவள், "அக்கா, நான் போயிட்டு வரட்டுமா?" என்றாள். "இல்ல, இங்கயே இருக்கட்டுமா?"

இதற்கு ஓர் எண் உண்டு. பர்சென்ட் மனதுக்குள் போட்டும் விட்டாள். இருபத்துமூன்று என்பது எல்லா நாட்களுக்கும் சேர்த்து. முதல் நாளில், அதிலும் முதல் சில மணி நேரத்தில், ஆபத்து கூடுதல். அதில் இரண்டு மணி நேரத்தை மட்டும் வெட்டி எடுத்தால் ஏறக்குறைய ஐம்பதில் ஒன்று. ஐம்பது மகள்கள் பஸ் ஏறினால் நாற்பத்தொன்பது பேர் திரும்பி வந்து அப்பாவின் மூக்கில் கண்ணாடியை மாட்டுவார்கள். அவர் திரையைப் பார்த்து ஏதாவது குறை சொல்வார், இரண்டு பேரும் சிரிப்பார்கள். ஐம்பதாவது மகள் கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பாள். போகாமலே இருந்துவிட்டால் ஐம்பது அப்பாக்களும் ஒன்றும் தெரியாமல் விட்டத்தைப் பார்த்துக் கிடப்பார்கள், அதில் ஒருவருக்கு அந்தக் கண்ணாடியே கடைசி ஆசையாக இருக்கும்.

நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டு மனைவியிடம் கேட்டேன். "போகச் சொல்லுங்க. மனுஷன் கேட்டதே அந்த ஒண்ணுதான்" என்றாள் உடனே. நான் எழுதப் போனேன். "இல்ல, இருங்க. போக வேணாம்னு சொல்லுங்க" என்றாள். பிறகு எழுந்து, என் முகத்தைப் பார்க்காமல், ஜன்னலோரம் போய் நின்றுகொண்டாள்.

ஆகவே என்னால் ஆகாது. பர்சென்ட்டாலும் ஆகாது, அவளுக்கு ஐம்பதில் ஒன்று என்று தெரியும், அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. இத்தனை பக்கம் எங்களோடு வந்திருக்கிறீர்கள், லிஃப்ட்காரரை உங்களுக்கும் பிடித்திருக்கும். பஸ் நாலரைக்கு. இப்போது மணி நாலு இருபத்தாறு. நிறுத்தத்துக்கு நடக்க மூன்று நிமிஷமாவது ஆகும். அவள் பையோடு, எழுந்திருக்காமல், உங்களைப் பார்த்துக் கேட்கிறாள். போகட்டுமா, இருக்கட்டுமா?